இருநூற்றுப் பதினான்காம் அறையின் விரிப்பு

அவனை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையை நான் வேறு இடங்களில் சொன்னபோதெல்லாம் கேட்டவர்கள் என்னை இளகிய மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன்.

ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் விமான நிலையத்துக்குப் போகும் சாலையோரம் இருந்த ஒரு விடுதியில் அறை துப்புரவு செய்துகொண்டிருந்தேன். மார்க் நாணயம் போய் யூரோ வந்த வருடம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த நாட்டில் முதல் ஆறு மாதம் சோதனைக்காலம். அதற்குள் காரணம் சொல்லாமலே ஆளை நிறுத்திவிடலாம். ஆகவே வாயைப் பொத்திக்கொண்டு வேலை செய்தேன். என் குணத்துக்கு அதுவே பெரிய தண்டனை.

மார்ச் மாதத்தில் ஒரு பேருந்து நிறைய அமெரிக்கர்கள் வந்து இறங்கினார்கள். இரண்டாம் மாடி முழுவதும் அவர்களுக்கு. ஒரு அறையில் இரண்டு பேரைப் போட்டால் கட்டில் தாங்காது என்பதால் ஆளுக்கொரு அறை. அமெரிக்கக் கால்பந்து ஆட வந்தவர்கள் என்றார்கள். பெயர்தான் கால்பந்து. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் அவன்மேல் விழுந்து நசுக்குவார்கள். அந்த நாட்டுப் பெரிய கழகங்கள் தங்களிடம் இடமில்லாதவர்களை இங்கே அனுப்பி ஒரு வசந்தம் ஆடவிட்டுப் பார்க்குமாம். இங்கும் இடம் குறைவு. தேவையானதைப் போல இரண்டு மடங்கு பேரைக் கூட்டிவந்து பயிற்சி கொடுத்து, மூன்று தடவையாகக் கழித்து அனுப்புவார்கள்.

இதெல்லாம் எனக்குக் காலை உணவு மண்டபத்தில் வேலை செய்த அண்ணை சொல்லித் தெரியும். யாழ்ப்பாணத்து மனிதர், என்னைவிடப் பத்து வயது மூப்பு. முட்டை பொரித்துக்கொண்டே ஊர் உலகத்து விடுப்பு, வம்பு எல்லாம் பொறுக்கிவிடுவார். விளையாட்டு என்றால் அவருக்குச் சோறு தேவையில்லை. வேலை முடிந்ததும் விடுதிக்குப் பின்னாலிருந்த மைதானத்தின் கம்பி வேலியில் தொங்கிக்கொண்டு நிற்பார்.

விருந்தினர்களை நாங்கள் அறை எண்ணைச் சொல்லித்தான் கதைப்போம். அவன் இருநூற்றுப் பதினான்கு. குள்ளன் என்று சொல்ல முடியாது, ஆனால் மற்றவர்களுக்குப் பக்கத்தில் குள்ளன்தான். தொடை இரண்டும் உரல் மாதிரி. பந்தைக் கொண்டு ஓடுகிற வேலை அவனுக்கு.

முதல் நாள் அவன் அறைக்குள் போனபோது கதிரை, மேசை எல்லாவற்றையும் சுவரோடு ஒதுக்கிவிட்டுக் கம்பளத்தில் வெள்ளை நாடாவை ஏணிபோல ஒட்டி வைத்திருந்தான். கால் பழகுவதற்காம். கம்பளத்தில் பசை பிடித்தால் கேள்வி அவனிடம் வராது, என்னிடம்தான் வரும். முழந்தாளிட்டு ஒவ்வொன்றாக உரித்தேன். பசையைச் சுரண்ட அரை மணித்தியாலம் போனது. உரித்து முடிய அவன் வந்தான். வியர்வை ஒழுக வாசலில் நின்று கத்தினான். எனக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. ஆனால் ஒருவன் நம்மை மனிதராக நினைத்துக் கத்துகிறானா, பூச்சியாக நினைத்துக் கத்துகிறானா என்று அறிய மொழி தேவையில்லை.

அடுத்த நாள் காலை மேற்பார்வைக்காரி என்னை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டாள். இருநூற்றுப் பதினான்கு முறைப்பாடு செய்திருக்கிறானாம், துப்புரவுக்காரி என் பொருட்களை எடுக்கிறாள் என்று. பொருட்கள்! நான் எடுத்தது தரையில் ஒட்டிய நாடா. அவள் கேட்ட கேள்வியிலோ நான் கள்ளி. விளக்கிச் சொன்ன பிறகு சரி என்றாள். ஆனாலும், "இன்னும் நாலு மாதம் இருக்கிறது, கவனம்" என்று சொல்லித்தான் விட்டாள்.

அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை தொடங்கியது. அவன் பயிற்சி முடிந்து வந்ததும் தொந்தரவு செய்யாதே என்ற அட்டையை வாசலில் தொங்கவிடுவான். மற்ற அறைகளை முடித்துவிட்டு அந்த ஒரு அறைக்காக நான் திரும்ப மேலே வர வேண்டும். வீட்டுக்குப் போகும் எஸ்பான் ரயில் தவறும், அடுத்ததுக்கு மேடையில் நிற்பேன். நான் சும்மா விடவில்லை. கிடங்கில் இருந்த தலையணைகளில் மெலிந்ததைத் தேடி எடுத்து அவன் கட்டிலில் போட்டேன். துவாய் இரண்டு கேட்டால் ஒன்று வைத்தேன். நாடாவை அவன் ஒட்ட ஒட்ட நான் உரித்தேன்.

இதைவிட மோசம் அவனுடைய ஐஸ்கட்டி. தினமும் குளியல் தொட்டியில் அரைவாசிக்கு ஐஸ் கலந்த தண்ணீர், நிலமெல்லாம் வெள்ளம். பயிற்சியாளர்களிடம் ஐஸ் இருக்க இவன் ஏன் நடைபாதை இயந்திரத்திலிருந்து குப்பை வாளியில் அள்ளிக்கொண்டு வருகிறான் என்று திட்டித் திட்டித் துடைத்தேன். ஒரு நாள் குப்பைக்கூடையில், பத்திரிகையில் சுற்றி ஒளித்து வைத்திருந்த மண்ணிறக் கட்டுத்துணி அகப்பட்டது. அப்போதுதான் விளங்கியது. முழங்கால் வீங்கியிருக்கிறது, அணி வைத்தியருக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறான். தெரிந்தால் அன்றே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். நான் யாருக்கும் சொல்லவில்லை. நல்லெண்ணத்தால் அல்ல, யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இனி விரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு வியாழக்கிழமைகளில் விரிப்பு மாற்றுவோம். யாராவது அன்று அறையைக் காலி செய்வதாக இருந்தால் அந்தக் கட்டிலைத் தொட மாட்டோம். ஆள் போனபிறகு எப்படியும் எல்லாவற்றையும் உரித்துப் புதிதாகப் போட வேண்டும், இரண்டு தரம் மாற்றுவது வீண். கழிக்கிற நாளும் வியாழன்தான். முதல் நாள் பின்னேரமே அணிக்காரர்கள் காலியாகும் அறைகளின் எண்களை வரவேற்பு மேசைக்குக் கொடுத்துவிடுவார்கள். காலையில் அந்தப் பட்டியல் எங்கள் கைக்கு வந்துவிடும். போகிறவனுக்குத் தான் போகிறான் என்று தெரியாது. அவன் அறையைக் கூட்டுகிற எனக்குத் தெரியும். வாய் திறக்கக்கூடாது என்பது கட்டளை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அணியில் ஒருவர் கையில் தாளோடு மேலே வருவார். நரைத்த மீசை, மெதுவான நடை. கதவைத் தட்டி, பயிற்சியாளர் கூப்பிடுகிறார், உன் ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா என்பார். ஆட்டமெல்லாம் எழுதி ஒவ்வொருவருக்கும் கொடுத்திருந்த தடித்த புத்தகம் அது. அதைத் திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது. நாங்கள் அந்த மனிதருக்கு எமன் என்று பேர் வைத்திருந்தோம்.

முதல் வியாழன் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அந்தப் பொடியன்கள் கெட்டிக்காரர்கள். போனவர்களின் கட்டில்கள் மட்டும் காலையில் குலைந்தபடியே கிடந்ததைத் தங்களுக்குள் பேசிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாம் வியாழன் பயிற்சி முடிந்ததும் சப்பாத்துச் சேற்றோடு மாடிப்படியில் ஓடி வந்தார்கள். நேரே கட்டிலைத்தான் பார்த்தார்கள். வெள்ளையாக, இழுத்துச் சொருகிய விரிப்பைக் கண்டவன் சுவரில் குத்திச் சிரித்தான். குலைந்த கட்டிலைக் கண்டவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

இருநூற்றுப் பதினான்கு வந்தபோது நான் அவன் அறைக்குள்தான் நின்றேன். கட்டில் இன்னும் தொடாமல் கிடந்தது. பட்டியலில் அவன் எண் இல்லை. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வாசலில் நின்று கட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். கள்ளி என்று என்னைச் சொன்ன வாய் அன்று திறக்கவில்லை. நான் அவசரப்படவில்லை. யன்னல் துடைத்தேன். துடைத்த யன்னலைத் திரும்பவும் துடைத்தேன். குளியலறைக் குழாயை மினுக்கினேன். தொலைக்காட்சிக்குப் பின்னால் தூசி தட்டினேன், நான் என்றுமே தட்டாத இடம் அது. அவன் நடைபாதையில் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். கால் மணித்தியாலம் கழித்துப் பழைய விரிப்பைப் பிடித்து உருவினேன். புதியதை உதறிய சத்தம் கேட்டதும் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான், தோள் குலுங்கியது.

பொய் சொல்லக்கூடாது, எனக்கு நல்ல சந்தோஷம். எஸ்பானில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அடுத்த நாள் அண்ணையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"பாவம் தங்கச்சி அவன். அவனை ஒருத்தரும் எடுக்கேல்லை."

"எடுக்கேல்லை எண்டா?"

"அங்கை வருசத்துக்கு ஒருக்கா பெரிய கழகங்கள் எல்லாம் கூடியிருந்து கொலிச்சிலை படிக்கிற பொடியளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எடுக்குங்கள். இவன்ரை பேரை ஒருத்தரும் கூப்பிடேல்லை. பேர் கூப்பிடாதவன் தானாப் போய்க் கதவைத் தட்டவேணும். மூண்டு இடத்திலை தட்டித் திறக்கேல்லை. இதுதான் கடைசிக் கதவு. இருபத்தாறு வயசு. ஓடுறவனுக்கு அது கிழட்டு வயசு."

"இஞ்சை இடம் கிடைக்குமோ?"

அண்ணை கையிலிருந்த அகப்பையால் கணக்குப் போட்டார். ஓடுகிறவர்கள் மூன்று பேர் மிச்சம், இடம் இரண்டு. ஒருவன் ஜெர்மன்காரன், உள்ளூர் ஆட்கள் சிலரை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம், ஆகவே அவனைத் தொட மாட்டார்கள். மற்றவன் பேர் சொல்லி எடுக்கப்பட்டவன்.

"இவனுக்குத்தான் கால் நல்லம். நான் பாக்கிறன்தானே. ஆனா மற்றவனை எடுத்தது அங்கை இருக்கிற பெரியாக்கள். அவனைக் கழிச்சா எடுத்தவைக்கு வெக்கம். இவனைக் கழிச்சா ஆருக்கு வெக்கம்? ஒருத்தருக்கும் இல்லை."

"கழிச்சா என்ன அண்ணை? பிளேனிலை ஏத்தி வீட்டைத்தானே அனுப்புவாங்கள். அங்கை தாய் இருப்பா, கார் இருக்கும். ஆமி நிக்காது. இதுக்கு ஒரு அழுகையோ?"

எனக்கு உண்மையிலேயே ஆத்திரமாக இருந்தது. திருப்பி அனுப்புவது என்றால் என்னவென்று இவனுக்கு என்ன தெரியும்? நாங்கள் வருடக்கணக்கில் அந்தச் சொல்லைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவர்கள். இவன் ஒரு விளையாட்டுக்காக முகத்தை மூடுகிறான்.

அண்ணை முட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "காலமை என்னட்டைக் கேட்டவன், நான் நிப்பனோ எண்டு. ஓம், ஒண்டுக்கும் யோசியாதை, நிப்பாய் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "தெரியாத விசயத்தை ஏன் சொல்லுறியள்? ஆர் உங்களைக் கேட்டது?" என்று மண்டபம் திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

இல்லை, எங்கிருந்து வந்தது என்று தெரியும். நான் இந்த நாட்டில் அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டபோது விசாரணைக்கு மொழிபெயர்க்க ஒரு தமிழர் வந்தார். விசாரணை முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் குனிந்து, "பயப்பிடாதேங்கோ பிள்ளை, உங்கடை அலுவல் சரி. அதிகாரியின்ரை முகத்திலை தெரிஞ்சது" என்றார். நான் நம்பினேன். அம்மா அப்போது வவுனியாவில் இருந்தார். தொலைபேசிக் கடைக்கு வரச் சொல்லி, கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அம்மா அயலட்டைக்கெல்லாம் சொல்லி, கோயிலில் பொங்கியும் விட்டார். பதினொரு நாள் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. பிறகு வழக்கு இழுபட்டு எப்படியோ இருக்க விட்டார்கள், அது வேறு. அந்த மறுப்பை அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், பிடித்தது. கடிதம் எழுதிய அதிகாரியை நான் ஒரு நாளும் வெறுக்கவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளரை இன்றைக்கு வழியில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

மூன்றாம் வியாழன் காலை மேற்பார்வைக்காரி பட்டியலைத் தந்தாள். கடைசிக் கழிப்பு என்பதால் நிறைய எண்கள். நடுவில் இருநூற்றுப் பதினான்கு.

முதலில், தொலைந்தான் என்றுதான் நினைத்தேன். இனி நாடா இல்லை, ஐஸ் இல்லை, எஸ்பானை நேரத்துக்குப் பிடிக்கலாம். அவன் அறையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அவர்கள் வரும்போது நடைபாதையின் மற்ற மூலையில் நின்றுவிட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அன்று பயிற்சியை நேரத்தோடு முடித்துவிட்டார்கள். நான் அவன் குளியலறையில் வெள்ளம் துடைத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

வெளியே வந்தேன். அவன் வாசலில் நின்றான். ஒரு காலில் பாரத்தைப் போடாமல் நின்றான், கடைசிப் பயிற்சியும் முடிந்துவிட்டது, இனி யாருக்கு ஒளிக்க? கட்டில் குலைந்து கிடந்தது. அவன் கட்டிலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். போன முறை நான் விளையாட்டுக் காட்டியதை அவன் மறக்கவில்லை. இந்த முறையும் அப்படித்தான் என்று நினைத்திருக்க வேண்டும். மெல்லச் சிரித்தான். உன் விளையாட்டு எனக்குத் தெரியும், ஆகட்டும், யன்னலைத் துடை என்பதுபோல நடைபாதையில் உட்கார்ந்து காலை நீட்டினான்.

நான் செய்ய வேண்டியது வாளியையும் தும்புத்தடியையும் எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போவது. அவ்வளவுதான். அப்படிப் போனால் அவனுக்கு விளங்கிவிடும். என் முகத்துக்கு நேரே விளங்கும். கத்துவான், அல்லது அழுவான், அல்லது ஏன் என்று என்னைக் கேட்பான். அதற்கு எனக்குச் சம்பளம் இல்லை. அதற்குத்தான் எமன் இருக்கிறார். என் தலையில் அது விழக்கூடாது, அதைத் தவிர வேறு ஒன்றையும் நான் நினைக்கவில்லை. இரக்கம் என்று சொன்னால் அது பொய்.

விரிப்பைப் பிடித்து உருவினேன். புதியதை உதறிப் போட்டேன். நாலு மூலையையும் சொருகினேன். தலையணையைக்கூட நல்லதாக மாற்றினேன்.

அவன் எழுந்து வந்து என் ஈரக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, நன்றி நன்றி என்றான். நாடாவுக்காக மன்னித்துக்கொள் என்றும் சொன்னான். அது எனக்கு நன்றாக விளங்கியது. பிறகு புது விரிப்பில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தான். அங்கே அப்போது விடிந்தும் விடியாத நேரம். தாயை நித்திரையால் எழுப்பினான். நான் வாளியை எடுக்கக் குளியலறைக்குள் போயிருந்தேன். அம்மா, எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்றான். அந்தப் பக்கம் ஒரு பெண் சந்தோஷத்தில் குளறிய சத்தம் குளியலறை வரைக்கும் கேட்டது. அவன் ஓம் அம்மா, ஓம் அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றேன். வெளியே போக வழி அவனைத் தாண்டித்தான் இருந்தது.

மதியத்துக்குப் பிறகு எமன் வந்தார். நான் இருநூற்றுப் பதினெட்டின் வாசலில் தள்ளுவண்டியோடு நின்றேன். அவர் கதவைத் தட்டுவதையும் அவன் சிரித்துக்கொண்டே திறப்பதையும் பார்த்தேன். அறை மாறி வந்துவிட்டீர்கள் என்று அவன் உண்மையாகவே சொன்னான். அவர் தாளைப் பார்த்தார், கதவின் எண்ணைப் பார்த்தார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா என்றார்.

அரை மணித்தியாலத்தில் புத்தகம் இல்லாமல் திரும்பி வந்தான். பெட்டி அடுக்க அதிக நேரம் எடுக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்தான். கத்துவான் என்று நின்றேன். அவன் மெதுவாகத்தான் கேட்டான், உனக்கு முதலே தெரியுமா என்று.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்ன காரணமோ, ஓம் என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. அந்த மொழிபெயர்ப்பாளரை நான் அப்படித்தான் பார்த்திருப்பேன், அவர் எனக்கு முன்னால் நின்றிருந்தால். பிறகு அவன் உள்ளே போய்க் கட்டிலில், காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தான். தொலைபேசியை எடுத்து மடியில் வைத்தான். எண்ணை அழுத்தவில்லை. கீழே வண்டி வந்து நிற்கிறது என்று வரவேற்பு மேசையிலிருந்து ஆள் வந்து சொல்லும்வரை அப்படியே இருந்தான். அதன் பிறகும் அழைக்காமல்தான் போனான்.

தாயை அழைக்காமல் அவன் இருந்தபோது, எனக்கு ஒரு கிழமை பிடித்தது என்று நான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்று கன காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது ஐந்து சொல்லுக்கு மேல் வராது.